அணில் துப்பாக்கி செய்த கைகள்



இன்று ஒரு துப்பாக்கியைப் பற்றிப் பேசப் போகிறேன். துப்பாக்கி என்றதும் வானொலியை மூடிவிட வேண்டாம். நான் சொல்வது போர்க்களத்துத் துப்பாக்கி அன்று. சோளக் காட்டைக் காக்கவும், அடுப்பில் ஏற்ற இரண்டு அணில் கொண்டுவரவும், அமெரிக்க மலைநாட்டுக் குடியானவன் தோளில் சாத்திக்கொண்டு போன துப்பாக்கி. அதன் குழலுக்குள் பெரியவர்களின் சுண்டுவிரல் நுனிகூடச் சரியாக நுழையாது. ஒரு பட்டறையில் ஒரு மனிதர், ஒரு பையனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஓர் இரும்புப் பட்டையையும் ஒரு மரப்பலகையையும் எடுத்து, மின்சாரமும் ஆலை எந்திரமும் இல்லாமல் செய்து முடித்த பொருள் அது. அதை எப்படிச் செய்தார்கள், அந்தக் கைத்திறன் எப்படி மறைந்தது, மறைந்ததை எப்படித் தேடிப் பிடித்தார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

தொடங்கும் முன்னே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதும் செய்வதும் பெருங்குற்றம். 1971-இல் வந்த சட்டம் துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையை மேலும் கடுமையாக்கியது. ஆகவே இது செய்முறைப் பாடம் அன்று. வேறொரு நாட்டில், வேறொரு காலத்தில் இருந்த ஒரு கைத்தொழிலின் கதை. பொங்கலுக்குப் பன்றி சுடலாம் என்று தம்பிமார் யாரும் குழாய் தேடக் கிளம்ப வேண்டாம்.

அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் பென்சில்வேனியா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. 1700-களில் அது ஆங்கிலேயரின் குடியேற்ற நாடு. ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் ஏழைக் குடும்பங்கள் கப்பல் ஏறி அங்கே வந்து இறங்கின. கப்பல் கட்டணம் கொடுக்கக் காசில்லாதவர்கள், கரையில் யாராவது ஒரு முதலாளி அந்தக் கடனைக் கட்டினால், அவரிடம் சில ஆண்டுகள் உழைத்துக் கழிப்பதாக ஒப்புக்கொண்டு வந்தார்கள். நம் வீட்டுத் தாத்தா பாட்டி கதைகளைக் கேட்டவர்களுக்கு இது புதிதாகப் படாது.

அப்படி வந்தவர்களில் துப்பாக்கிக் கொல்லர்களும் இருந்தார்கள். தங்கள் ஊர்க் காடுகளில் வேட்டைக்காரர்கள் வைத்திருந்த குட்டையான, கனத்த துப்பாக்கியைச் செய்யத் தெரிந்தவர்கள். லங்காஸ்டர் நகரமும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் இந்தத் தொழிலுக்குப் பெயர் பெற்றன. புதிய நாட்டின் தேவைக்கு ஏற்ப அந்தத் துப்பாக்கி உருமாறியது. குழல் நீண்டது, மூன்றரை அடி, சிலவற்றில் அதற்கும் மேல். குழலின் வாய் சிறுத்தது. இதைக் கெண்டக்கித் துப்பாக்கி என்று பிற்காலத்தில் பெயரிட்டு அழைத்தார்கள். செய்தது பென்சில்வேனியா, பெயர் வாங்கியது கெண்டக்கி. தூக்கிக்கொண்டு போனவனுக்குக் கிடைத்த பெயர் தட்டியவனுக்குக் கிடைக்கவில்லை.

குழல் வாய் ஏன் சிறுத்தது? கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். குண்டு என்பது ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றிய உருண்டை. பழைய ஜெர்மன் துப்பாக்கியின் உள்விட்டம் ஓர் அங்குலத்தில் பத்தில் ஆறு பங்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு பவுண்டு ஈயத்தில் இருபது சொச்சம் குண்டுகள்தாம் வரும். நான் சொல்லும் அணில் துப்பாக்கியின் உள்விட்டம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு, எட்டு மில்லிமீட்டர். அதே ஒரு பவுண்டு ஈயத்தில் நூற்றைம்பது குண்டுகள் கிடைக்கும். ஈயமும் வெடிமருந்தும் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. கடையோ மலைக்குக் கீழே, பல நாள் நடையில். சுமப்பது தன் முதுகு. சின்னக் குண்டு என்றால் மருந்தும் கொஞ்சமே போதும். அணிலைச் சுட்டால் கறியும் மிஞ்சும். பெரிய குண்டால் அடித்தால் வாலும் மயிரும்தான் வீட்டுக்கு வரும்.

அணில் என்றால் நாம் முருங்கை மரத்தில் பார்க்கும் அணில் அன்று. சாம்பல் நிறத்தில், பூனைக்குட்டி அளவுக்கு வளரும் அணில். அது கூட்டமாகச் சோளக் கொல்லையில் இறங்கினால் கொல்லை போயிற்று. 1749-இல் பென்சில்வேனியா அரசு ஓர் அணிலுக்கு மூன்று பென்ஸ் என்று பரிசு அறிவித்து, கடைசியில் 8,000 பவுன் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆறு லட்சத்து நாற்பதாயிரம் அணில்கள்! அடுத்து அரசு பரிசுத் தொகையைக் குறைத்துக்கொண்டதில் வியப்பில்லை. அணில் உட்கார்ந்திருக்கும் கிளையின் பட்டையில் குண்டை அடித்து, அந்த அதிர்ச்சியிலேயே அணிலைக் கீழே விழச் செய்யும் வித்தையை நேரில் பார்த்ததாகப் பறவை ஓவியர் ஆடுபான் எழுதியிருக்கிறார். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். வேட்டைக்காரர் பேச்சு எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

சரி, பட்டறைக்குள் போவோம்.

குழல்தான் துப்பாக்கியின் உயிர். ஓட்டையுள்ள குழாய் ஆயத்தமாகக் கிடைக்காத காலம் அது. கொல்லர் கையில் இருப்பது நீளமான, தட்டையான ஓர் இரும்புப் பட்டை. உருக்கு அன்று, மென்மையான தேனிரும்பு. உருக்கு கடினம், வெடித்தால் சிதறும். தேனிரும்பு வளைந்து கொடுக்கும், அரத்துக்கும் உளிக்கும் அடங்கும்.

பட்டையை நெருப்பில் காய்ச்சி, நீளவாக்கில் ஓலைச் சுருளைப்போல் வளைப்பார்கள். இரண்டு விளிம்பும் ஒன்றோடொன்று சேரும் இடத்தைப் பற்றவைக்க வேண்டும். இன்றைக்குப் போல் வாயு விளக்கும் கம்பியும் கிடையாது. இரும்பு வெள்ளையாகக் கனன்று, வெண்ணெய் உருகும் பருவத்தில் இருக்கும்போது, வெண்காரமோ மணலோ தூவி அழுக்கை நீக்கி, உள்ளே ஒரு கம்பியைச் செருகிக்கொண்டு, சம்மட்டியால் தட்டினால் இரும்போடு இரும்பு ஒட்டிக்கொள்ளும். சூடு குறைந்தால் ஒட்டாது. கூடினால் இரும்பு பொரிந்து மத்தாப்பூப் போலச் சிதறிப் போகும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பருவம் சில நொடிகள்தாம் நிற்கும். கம்பியைச் செருகு, தட்டு, குழல் குளிர்ந்து கம்பியைக் கவ்வும் முன்னே வெளியே இழு. ஒரு சூட்டில் ஒட்டுவது இரண்டு மூன்று அங்குலம். நடுவில் தொடங்கி, ஒரு முனையை நோக்கிப் போய், பிறகு மறுமுனையை நோக்கிப் போக வேண்டும். மூன்றரை அடிக் குழலுக்கு எத்தனை முறை நெருப்பில் வைத்து எடுக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த நேரம் முழுவதும் ஒருவர் துருத்தி ஊத வேண்டும். அது அந்தப் பையனுடைய வேலை.

எங்கேயாவது ஓர் இடத்தில் ஒட்டாமல் மெல்லிய பிளவு நின்றுவிட்டால்? வெளியே தெரியாது. மருந்து வெடிக்கும்போது தெரியும். சுடுகிறவன் முகம் அந்தக் குழலுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதனால்தான் குழல் தட்டுகிற அன்று பட்டறையில் வீண் பேச்சு இராது.

குழல் ஒட்டி முடிந்ததும் வெளிப்பக்கத்தை எட்டுப் பட்டையாகத் தட்டுவார்கள். உள்ளே இன்னும் கரடுமுரடுதான். நீண்ட கம்பியின் முனையில் வெட்டுவாய் வைத்த துரப்பணத்தைச் சுழற்றி உள்ளே கடைவார்கள். சின்னதில் தொடங்கி, ஒவ்வொன்றாகப் பெரிதாக. கடைசி இழைப்புக்கு நாலு பட்டை உருக்குக் கம்பி. அதன் ஒரு பக்கத்தில் ஒரு மரச்சில்லு. மரச்சில்லுக்கு அடியில் ஒரு தாள் துண்டு வைத்தால் கம்பி மயிரிழை பருத்ததாக ஆகும். இன்னும் கொஞ்சம் கடைய வேண்டுமா? இன்னொரு தாள். அளவுக்கருவி இல்லாதவர்கள் கண்டுபிடித்த அளவுக்கருவி அந்தத் தாள்.

கடைந்த குழல் நேராக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? வில்லில் கட்டிய மெல்லிய நூலைக் குழலுக்குள் விட்டு இழுத்துப் பிடித்து, வெளிச்சத்தை நோக்கித் தூக்கிப் பார்ப்பார்கள். குழல் நேராக இருந்தால் நூல் உள்சுவரில் முழு நீளமும் படியும். கோணல் இருந்தால் நடுவில் இடைவெளி தெரியும். குழலைப் பட்டறைக்கல்லில் வைத்து அந்த இடத்தில் ஒரு தட்டு. மறுபடி நூல், மறுபடி கண். சிறிய குழலில் இது இன்னும் கடினம். உள்ளே வெளிச்சம் குறைவு, கம்பியும் மெல்லியது. கொஞ்சம் அழுத்தினால் வளைந்துவிடும். சிறிய துப்பாக்கி செய்வது எளிது என்று நினைத்துவிடக் கூடாது. இன்னொரு வேடிக்கை: வெளிப் பருமன் மாறாமல் உள்வாய் சிறுத்தால் இரும்பு மிஞ்சுகிறது. ஆகவே பெரிய குண்டுத் துப்பாக்கியைவிடச் சின்னக் குண்டுத் துப்பாக்கி கனமாகவே இருக்கும்.

இனி வருவதுதான் இந்தத் தொழிலின் இரகசியம். நேயர்களில் பால்மரம் சீவியவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பால்வெட்டில் கத்தியை எப்படி இழுக்கிறோம்? மரத்தைச் சுற்றிச் சாய்வாக, ஒரே ஆழத்தில். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் மரத்தில் காயம் விழும், தண்டல் திட்டுவார். துப்பாக்கிக் கொல்லர் இதே சாய்வு வெட்டைக் குழலின் உள்பக்கத்தில், கண்ணால் பார்க்க முடியாத இடத்தில், போட வேண்டும். குழலுக்குள் முறுக்கிக்கொண்டு ஓடும் வரிகள். ஏறத்தாழ நாலடி நீளத்துக்கு ஒரு முழுச் சுற்று என்ற கணக்கில், அந்தக் குழலுக்குள் வரி ஒரு சுற்றைக்கூட முடிப்பதில்லை. ஆழம் கால் மில்லிமீட்டர், சிலவற்றில் சற்றுக் கூட. இப்படிப்பட்ட வரிகள் பெரும்பாலும் ஏழு. ரைபிள் என்ற சொல்லே வரி வெட்டுவதைக் குறித்து வந்ததுதான்.

இந்த வரி எதற்கு? பம்பரம் சுற்றும்போது நிமிர்ந்து நிற்கிறது, சுற்று நின்றால் சாய்கிறது. குண்டும் அப்படித்தான். வரியில்லாத வழவழப்பான குழலிலிருந்து போகும் குண்டு தட்டிக்கொட்டிப் போகும். எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. வரி வெட்டிய குழலிலிருந்து போகும் குண்டு பம்பரம்போல் சுழன்றுகொண்டு போகும். போகிற வழி தவறாது.

வரி வெட்ட ஒரு நீண்ட பலகை. அதன்மேல் ஓர் உருண்டை மரம். அந்த மரத்தில் முறுக்கு வரிகள் முன்னமே செதுக்கியிருக்கும். மரத்தை இழுத்தால், வரிகளில் பொருந்திய பற்களால் அது தானே சுழன்றுகொண்டு வரும். மரத்தின் முனையில் ஒரு கம்பி, கம்பியில் ஹிக்கரி மரத்துண்டு, அதில் பதித்த சின்ன உருக்கு வெட்டுவாய். இழுக்கிறவர் இழுத்தால் வெட்டுவாய் குழலுக்குள் சுழன்றபடி மெல்லிய சுருளாக இரும்பைச் சீவும். ஒரு வரி சீவியதும் மரத்தை ஒரு பல் திருப்பி அடுத்த வரி. ஏழும் ஒரு சுற்று முடிந்தால், வெட்டுவாய்க்கு அடியில் மறுபடியும் நம் தாள் துண்டு. மறுபடி ஏழு வரி. இப்படி நூற்றுக்கணக்கான முறை முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். எண்ணெய் போட வேண்டும், சீவலைத் தட்ட வேண்டும், ஒரு வரியைத் தவற விட்டால் கணக்கு முழுவதும் கெடும். பையன் துருத்தியை விட்டு இங்கே வந்து நிற்பான்.

மலைக்காட்டுக் கொல்லர் சிலரிடம் இந்தப் பலகைகூடக் கிடையாது. தேய்ந்து போன குழல் ஒன்று வந்தால், அதற்குள்ளேயே கொஞ்சம் ஈயத்தை உருக்கி ஊற்றி, குழலின் வரிகள் பதிந்த ஈயக்கட்டியை ஒரு கம்பியோடு எடுத்து, அதில் வெட்டுவாயைப் பதித்து, அந்தப் பழைய வரியை வழிகாட்டியாக வைத்தே புது ஆழம் வெட்டிவிடுவார்கள். ஒவ்வொரு முறை இப்படிப் புதுப்பிக்கும்போதும் குழல்வாய் கொஞ்சம் பெரிதாகும். பழைய குண்டு பொருந்தாது; குண்டு அச்சையும் பெரிதாக்க வேண்டும். அதனால்தான் துப்பாக்கி விற்கும்போதே அதற்கென்று ஓர் அச்சையும் செய்து கொடுத்தார்கள். அண்ணன் வீட்டுக் குண்டு தம்பி வீட்டுத் துப்பாக்கிக்கு ஆகாது.

குழலின் பின்வாயை மரையாணியால் இறுக அடைத்து, பக்கத்தில் ஊசித்துளை போன்ற ஒரு துளை போடுவார்கள். அந்தத் துளைக்கு நெருப்புக் கொண்டுபோவது குதிரைப் பொறி. சக்கிமுக்கிக் கல்லைக் கவ்விய குதிரை, விசையைத் தொட்டதும் பாய்ந்து ஓர் உருக்குத் தகட்டில் உரசும். பொறி பறந்து கீழே உள்ள சிறு கிண்ணத்து மருந்தில் விழும். அது துளை வழியே உள்ளே பற்றும். கல்லிலிருந்து பொறி வருகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் கல் உருக்கைச் சீவுகிறது. சீவப்பட்ட உருக்குத் தூள்தான் எரிந்து பொறியாகிறது. இந்தப் பொறிக்குள் இருக்கும் வில்லைச் செய்வது பெரிய வேலை. காய்ச்சித் தோய்த்து, பிறகு இரும்பு நீலநிறம் வரும்வரை மறுபடி இளஞ்சூடு காட்ட வேண்டும். கொஞ்சம் பிசகினால் ஒன்று வில் ஒடியும், இல்லையென்றால் வளைந்தே கிடக்கும். பல கொல்லர்கள் இதற்கு மல்லுக்கட்டாமல், இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த பொறிகளைக் கடையில் வாங்கிப் பொருத்திவிட்டார்கள். எல்லாவற்றையும் தானே செய்தால்தான் கைத்தொழில் என்பது நாம் பிற்காலத்தில் கட்டிய கதை. வயிற்றுப்பாட்டுக்குத் தொழில் செய்தவர் நேரத்துக்கும் கணக்குப் பார்த்தார்.

கட்டைக்கு மேப்பிள் மரம். அலையலையாகக் கோடு ஓடும் மேப்பிள் என்றால் இன்னும் மதிப்பு. இரும்பும் மரமும் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். குழலில் விளக்குக் கரியைத் தடவி மரத்தில் அழுத்துவார்கள். எங்கே கரி ஒட்டுகிறதோ அங்கே மட்டும் ஒரு சீவல். மறுபடி கரி, மறுபடி சீவல். பிறகு இரும்பைக் கரைத்த அமிலத்தை மரத்தில் பூசி அனல் காட்டினால் மரம் செம்பழுப்பாகும், கோடுகள் புலிவரிபோல் எழும். மேலே ஆளிவிதை எண்ணெய்.

பணம் உள்ளவர் துப்பாக்கியில் பித்தளைப் பூண், கட்டையின் பக்கத்தில் மூடியுள்ள சிறு பெட்டி, வெள்ளிப் பூவேலை எல்லாம் உண்டு. அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவை அவைதாம். தெற்கே அப்பலாச்சியன் மலைகளில், வட கரோலினாவிலும் டென்னசியிலும் ஏழைகள் வைத்திருந்தவை வேறு. பித்தளை இல்லை, கொல்லர் தட்டிய இரும்புப் பூண், சிலவற்றில் அதுவும் இல்லை. பெட்டிக்குப் பதில் கட்டையில் குடைந்த ஒரு குழி, அதில் கொழுப்பு. எனக்குக் கேட்டால் இந்த மொட்டைத் துப்பாக்கிகளைத்தான் அழகு என்பேன். கொடுக்க முடிந்த காசு முழுவதும் குழலுக்குள் போயிருக்கிறது.

முடிந்த குழலை முதலில் தோளில் வைத்துச் சுடமாட்டார்கள். ஒரு மரக்கட்டையில் கட்டி, வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டு, எட்ட நின்று வெடிக்க வைத்துப் பார்ப்பார்கள். தாங்கினால் குழல், தாங்காவிட்டால் பழைய இரும்பு.

சுடுகிற முறையையும் சொல்லிவிடுகிறேன். அளந்த மருந்தைக் குழல்வாய் வழியாகப் போட வேண்டும். கொழுப்புத் தடவிய சிறு துணியை வாயில் வைத்து, அதன்மேல் குண்டை வைத்து, ஹிக்கரிக் கோலால் அடிவரை கெட்டிக்க வேண்டும். குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியது. வரிகளைப் பற்றிக்கொண்டு சுழல்வது துணிதான், துணியோடு சேர்ந்து குண்டும் சுழலும். ஒரு முறை சுட்டு மறுமுறை ஆயத்தமாக ஒரு நிமிடம் ஆகும். பட்டாளத்தாரின் வழவழப்புக் குழல் துப்பாக்கியோ நிமிடத்துக்கு மூன்று முறை சுடும். ஆனால் நூறு கெசத்துக்கு மேல் அதை நம்ப முடியாது. வரிக்குழல் கைதேர்ந்தவரிடம் இருநூறு கெசத்துக்குக் குறி தவறாது. 1775-இல் அமெரிக்கர் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தபோது, பென்சில்வேனியா, மேரிலாந்து, வர்ஜீனியா மூன்றிலிருந்தும் பத்துப் படைப்பிரிவுகளை இந்தத் துப்பாக்கியோடு சேர்த்தார்கள். போரை வென்றது இந்தத் துப்பாக்கிதான் என்று சொல்வோர் உண்டு. அது மிகை. பெரும்பாலோர் கையில் இருந்தது வழவழப்புக் குழல்தான்.

துருத்தி ஊதிய பையனை நாம் மறந்துவிடக் கூடாது. பதின்மூன்று பதினான்கு வயதில் அவனைக் கொல்லரிடம் எழுத்து மூலம் ஒப்படைத்துவிடுவார்கள். இருபத்தோரு வயது வரை அவன் அந்த வீட்டுக்குக் கட்டுப்பட்டவன். கூலி கிடையாது, சோறும் துணியும் உண்டு. ஓடிப் போகக் கூடாது, கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது, சூதாடக் கூடாது. ஓடிப் போனால் பத்திரிகையில் அடையாளம் போட்டு விளம்பரம் வரும். இந்த எழுத்துக்கு ஆங்கிலத்தில் என்ன பெயரோ அதே பெயர்தான், 1910 வரை மலாயாவுக்கு நம் முன்னோரைக் கொண்டுவந்த ஒப்பந்தத்துக்கும். சொல் ஒன்று. ஆனால் அந்தப் பையனின் ஒப்பந்தத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: கொல்லர் தன் தொழிலின் நுணுக்கங்களை அவனுக்குக் கற்றுத்தர வேண்டும், எழுதப் படிக்கவும் கற்பிக்க வேண்டும். காலம் முடிந்து அவன் வெளியே வந்தபோது, கையில் ஒரு தொழில் இருந்தது. எந்த ஊரிலும் பட்டறை போடலாம். நம் தாத்தாவின் ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை. காலம் முடிந்து வெளியே வந்தவர் கையில் உளி இல்லை, கடன் இருந்தது. பிள்ளைக்குத் தொழிற்பள்ளியில் இடம் கிடைத்தும் ‘எதற்கு, கிடைத்த வேலைக்குப் போகட்டும்’ என்று நினைக்கும் பெற்றோர் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், அந்த ஒரு வரியை நினைத்துப் பாருங்கள்.

இந்தத் துப்பாக்கிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் போனால் பாதிக் கதை சொன்னதாகும். அந்த மலைகளும் காடுகளும் வெறுமையாகக் கிடக்கவில்லை. லெனாபே, ஷானி, செரோக்கி முதலிய பூர்வகுடி மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். மான் தோலைக் கொடுத்து வரிக்குழல் துப்பாக்கியை வாங்கிய முதல் வாடிக்கையாளர்களில் அவர்களும் உண்டு; குறி பார்ப்பதில் யாருக்கும் அவர்கள் சளைத்தவர்கள் அல்லர். ஆனால் துப்பாக்கியைப் பழுது பார்க்கும் கொல்லரும், மருந்து விற்கும் கடையும் எதிர்ப்பக்கத்தில் இருந்தன. 1763-இல் ஆங்கில மன்னர் மலைக்கு மேற்கே வெள்ளையர் குடியேறக் கூடாது என்று ஆணையிட்டார். ஆணை தாளில் இருந்தது. குடியேறிகள் இதே துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு மலையைத் தாண்டினார்கள். 1830-இல் வந்த சட்டம் தென்கிழக்கு மக்களை அவர்கள் மண்ணிலிருந்தே பெயர்த்து மேற்கே அனுப்ப வழி செய்தது. சோளக் கொல்லை காத்தது என்றேன் அல்லவா? அந்தக் கொல்லை அதற்கு முன் யாருடையது என்ற கேள்வியும் அந்தத் துப்பாக்கியோடு சேர்ந்தே வருகிறது.

தொழில் எப்படி மறைந்தது? ஒரே நாளில் அன்று. முதலில் பொறி கடையில் வந்தது. பிறகு குழலே கடைக்கு வந்தது. 1816-இல் ரெமிங்டன் என்ற இளைஞர் நியூயார்க் மாநிலத்தில் குழல் தட்டத் தொடங்கினார்; அது தொழிற்சாலையாக வளர்ந்து, குழல்களைக் கொத்தாகக் கட்டி ஊர்க் கொல்லர்களுக்கு அனுப்பியது. காசு குறைவு, சரக்கும் நல்ல சரக்கு. ஊர்க் கொல்லர் குழல் தட்டுவதை நிறுத்திக் கட்டை மட்டும் செதுக்கினார். சக்கிமுக்கிக் கல் போய், வெடிக்கும் சிறு செப்புத் தொப்பி வந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போருக்குப் பிறகு, பின்வாயில் தோட்டா போடும் ஆலைத் துப்பாக்கிகள் மலிந்தன. கொல்லரின் மகன் ஆலை வேலைக்குப் போனான். வரிப்பலகை கூரைக்குள் போயிற்று. மலைக்காடுகளில் மட்டும் இங்கொருவர் அங்கொருவராக இருபதாம் நூற்றாண்டு வரை கையால் செய்துகொண்டிருந்தார்கள்.

1933-இல் பழைய துப்பாக்கிப் பிரியர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். சுடுவதற்கு ஆள் இருந்தது. இரும்புப் பட்டையிலிருந்து தொடங்கிச் செய்ய ஆள் அருகிப் போயிருந்தது. 1960-களில் வர்ஜீனியா மாநிலத்து வில்லியம்ஸ்பர்க் என்னும் பழைய நகரில், 18-ஆம் நூற்றாண்டுத் தொழில்களை அப்படியே நடத்திக் காட்டும் பட்டறைகளில், வாலஸ் கஸ்லர் என்பவர் துப்பாக்கிக் கொல்லராக அமர்ந்தார். பழைய குழல்களில் இருந்த அரத்தின் தடம், கூரையிலிருந்து இறங்கிய வரிப்பலகைகள், எஞ்சிய முதியவர்களின் கைப்பழக்கம் இவற்றையெல்லாம் படித்துப் படித்து, பட்டையிலிருந்து பூண் வரை அந்தக் காலக் கருவிகளாலேயே ஒரு துப்பாக்கியைச் செய்து முடித்தார். அந்த வேலையை 1969-இல் படமாக எடுத்தார்கள். அதில் அவர் குழலை ஒட்டும் காட்சியைப் பார்த்தால், நூறு ஆண்டுகளுக்கு முன் எந்தப் பையனும் பார்த்துப் பழகியிருக்கக் கூடிய ஒன்றை ஒரு வளர்ந்த மனிதர் பழம்பொருளிடமிருந்து எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது என்பது புரியும்.

இன்னொரு முயற்சி இதைவிட எளியது. எனக்கு இதுதான் பிடித்தது. ஜார்ஜியா மாநிலத்தின் மலைப் பகுதியில், ரேபன் கேப் என்னும் சிற்றூர்ப் பள்ளியில், 1966-இல் மாணவர்கள் பாக்ஸ்பயர் என்று ஓர் இதழ் தொடங்கினார்கள். மாணவர்களே ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு, சுற்றுவட்டாரத்துத் தாத்தா பாட்டிகளிடம் போய் உட்கார்ந்தார்கள். சோப்பு காய்ச்சுவது எப்படி, மரவீடு கட்டுவது எப்படி, பன்றி இறைச்சி உப்பிடுவது எப்படி என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி, படமும் பிடித்துப் போட்டார்கள். அவை தொகுதி தொகுதியாகப் புத்தகமாயின. 1979-இல் வந்த ஐந்தாம் தொகுதியில் இரும்பு உருக்குவதும், கொல்லுவேலையும், இந்தச் சக்கிமுக்கித் துப்பாக்கி செய்வதும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒரு முதியவர் பேசப் பேச, பதினாறு வயதுப் பெண்ணோ பையனோ கேள்வி கேட்கிறார்கள்: எவ்வளவு சூடு? எத்தனை தட்டு? நிறம் எப்படி இருக்கும்? ‘அது பார்த்தால்தான் தெரியும்’ என்று சொன்னால் விடுவதில்லை. பார்க்கும் வரை உட்கார்ந்திருக்கிறார்கள்.